ரீலுக்கு எண்ணெய் போட்டது நான்தான்

தம்பி,

கல்யாணப் பத்திரிகை யார் யாருக்கு வைக்க வேண்டும் என்று சென்னையிலிருந்து நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். உன்னோடு படித்தவர்கள், உன் அலுவலகத்தார், நீ முதலில் தங்கியிருந்த அறையின் வீட்டுக்காரர், உனக்குச் சாப்பாடு போட்ட மெஸ் அம்மா என்று ஒருவரையும் விடாமல் எழுதியிருந்தாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டாம் முறை படித்தபோது பாலமுருகன் பெயரைத் தேடினேன். மூன்றாம் முறை, இருக்காது என்று தெரிந்துகொண்டே தேடினேன். பட்டியலுக்குக் கீழே, "பரண்ல கிடக்குற மீன்பிடிச் சாமானையெல்லாம் யாருக்காவது குடுத்துடும்மா, பெயிண்ட் அடிக்கிறவங்களுக்கு இடைஞ்சலா இருக்கும்" என்று ஒரு வரி வேறு. அந்தப் பெயர் ஏன் இல்லை என்பதும், அந்தச் சாமான் ஏன் பரணில் கிடக்கிறது என்பதும் ஒரே கதை. அந்தக் கதையில் உனக்குத் தெரியாத பகுதி ஒன்று என்னிடம் இருக்கிறது. இதை ஃபோனில் சொன்னால் நான் அழுவேன், நீ "விடும்மா" என்பாய், இரண்டு பேரும் விட்டுவிடுவோம். இனி விடுவதாக இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். இதை நாலு பேர் படித்தாலும் எனக்குச் சம்மதம். பாலா மேல் பழி விழுந்ததும் நாலு பேர் முன்னால்தான்.

முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் இடது கை மோதிர விரல் இன்றுவரை முழுதாக மடங்காததற்கு பாலா காரணம் இல்லை. நான் காரணம்.

நீ கல்லூரி இரண்டாம் ஆண்டில் முதல் கொடுவா மீனைப் பிடித்துக்கொண்டு வந்த நாளை நான் மறக்கவில்லை. அரசலாறு கடலில் சேரும் இடத்தில் பிடித்தது, நாலு கிலோ இருக்கும். சைக்கிள் ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு, தருமபுரம் தெருவே பார்க்கும்படி வந்தாய். நான் என்ன சொன்னேன்? "கொல்லைப்பக்கம் கொண்டு போ, யாராவது பாத்துடப் போறாங்க" என்றேன். உன் கூட வந்த பாலா வாசலிலேயே நின்றான். கிளிஞ்சல்மேட்டுப் பையன், உன் வகுப்புத் தோழன், அப்பாவின் ஃபைபர் படகில் லீவு நாட்களில் கடலுக்குப் போகிறவன். அவனை உள்ளே வா என்று நான் கூப்பிடவில்லை. விழிதியூரில் நிலம் வைத்திருக்கிற குடும்பம், பட்டம் படித்த அம்மா, அரசாங்க வேலையில் அப்பா. இந்த வீட்டுப் பையன் தூண்டிலும் கையுமாக ஆற்றங்கரையில் நிற்பதா என்பது என் எண்ணம். மீன் தின்ன எங்களுக்கு வெட்கம் இல்லை. பிடிக்கிறவன் எங்கள் மகனாக இருப்பதில்தான் வெட்கம். அன்று அந்தக் கொடுவாவைக் குழம்பு வைத்து நடு முள்வரை சுவைத்துச் சாப்பிட்டவளும் நான்தான்.

அதற்குப் பிறகு நான் செய்தவையெல்லாம் உனக்குத் தெரியும். தூண்டில் ராடைப் பீரோவுக்குப் பின்னால் ஒளித்தேன். பரீட்சை நேரத்தில் நரம்பு சுற்றுகிற ரீலைப் பூட்டி வைத்தேன். "மீன் வேணும்னா மார்க்கெட்டுல வாங்கிக்கலாம், மார்க்கு எங்க வாங்குறது?" என்று கேலி செய்தேன். நீ ஒருநாள்கூட எதிர்த்துப் பேசவில்லை. பூட்டைத் திறந்து கொடுத்ததும் வாங்கிக்கொண்டு போவாய். அந்தப் பொறுமையைப் பார்த்துத்தான் என் மனம் மெல்ல மாறியது. ஆனால் மாறியதை உன்னிடம் சொல்லவில்லை. பிள்ளையிடம் தோற்றுப்போனதாக ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வராது. அதற்குப் பதிலாக ஏதாவது செய்து காட்டலாம் என்று நினைத்தேன். அதுதான் வினையாகப் போயிற்று.

இரண்டரை வருடத்துக்கு முன், மார்கழியில், உனக்கு வேலைக்கான உத்தரவு வந்து, நீ சென்னைக்குக் கிளம்ப இன்னும் ஒரு வாரம் இருந்தது. சனிக்கிழமை காலையில் பாலா உன் ரீலை வாங்கிக்கொண்டு போய், சாயங்காலம் என்னிடம்தான் திருப்பிக் கொடுத்தான். "அவன்கிட்ட குடுத்துடுங்கம்மா, நல்ல தண்ணியில துடைச்சுட்டேன்" என்றான். அவன் போன பிறகு பார்த்தேன். இடுக்குகளில் லேசாக உப்பு பூத்திருந்தது. அது எந்த ரீலிலும் இருக்கும் என்று இப்போது தெரிகிறது. அன்று தெரியவில்லை. ஊருக்குப் போகிற பிள்ளை, கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கப் போகிறான், அவனுக்கு இதைச் சுத்தம் செய்து வைப்போம் என்று உட்கார்ந்தேன். பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருபது வருடமாகக் குழாயும் குடுவையும் கழற்றி மாட்டுகிறவள் நான். ரீலின் தலையில் இருக்கிற, மீன் இழுக்கும்போது தூண்டில் நரம்பை அளவாக விடுகிற திருகைக் கழற்றினேன். உள்ளே ஒரு கம்பளி வட்டு, ஒரு இரும்பு வட்டு, மறுபடி ஒரு கம்பளி வட்டு. வரிசை மாறாமல் எடுத்து வைத்தேன். வட்டுகள் காய்ந்து கிடந்ததாகத் தோன்றியது. குளியலறை ஜன்னலில் இருந்த, கறிவேப்பிலை போட்டு நானே காய்ச்சிய தலை எண்ணெயை எடுத்து, இரண்டு வட்டுகளும் ஊறும்படி விட்டேன். மறுபடி மாட்டிச் சுற்றிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி சுற்றியது. உன்னிடம் சொல்லவில்லை. காலையில் நீயே கவனித்து "யாரும்மா சுத்தம் பண்ணுனது?" என்று கேட்பாய், அப்போது சொல்லலாம் என்று ஆசையாக இருந்தது.

நீ கேட்கவில்லை. விடிகிற நேரத்தில் டீயைக் குடித்துவிட்டு அவசரமாகப் போய்விட்டாய். குளித்துவிட்டுத் தலைக்கு எண்ணெய் வைக்கப் போனேன். அன்று பனி அதிகம். எண்ணெய் கட்டியாக உறைந்திருந்தது. பாட்டிலை அடுப்புப் பக்கத்தில் வைத்து இளக்கிக்கொண்டிருந்தபோதுதான் பாலாவின் ஃபோன் வந்தது. ஆஸ்பத்திரிக்கு வாங்க என்றான். கிளம்பின அவசரத்தில் கை பட்டு பாட்டில் சாய்ந்தது. அப்போதுகூட எனக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கையில் கட்டோடு நீ சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது. பெரிய கொடுவா ஒன்று தூண்டிலைக் கவ்விக்கொண்டு ஓடியிருக்கிறது. ரீல் நரம்பை விட்டுக்கொடுக்க வேண்டிய நேரத்தில் விடவில்லை. அந்தத் திருகு இறுகிப்போயிருந்தது. ராடு வளைந்து முறியப் போகிறது என்று, நீ இடது கையால் நரம்பை இழுத்துத் தளர்த்தப் பார்த்திருக்கிறாய். மீன் இன்னொரு முறை பாய்ந்ததில் அந்த மெல்லிய நரம்பு விரலில் சுற்றி எலும்புவரை அறுத்திருக்கிறது. ராடை விட்டுவிட்டாய். ரீல் பாறையில் மோதிக் கழன்று, நரம்பு அறுந்து மணலில் விழ, ராடு மீனோடு போய்விட்டது. உன் சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் சுற்றி நிற்க, நீ பாலாவைப் பார்த்துக் கத்தினாய்.

"நேத்து நீதான ரீல வாங்கிட்டுப் போன? மண்ணுல போட்டியா, உப்புத் தண்ணியில முக்குனியா? என்னடா பண்ணுன?"

"நான் ஒண்ணும் பண்ணலடா. துடைச்சுத்தான் குடுத்தேன்."

"அப்ப அது தானா இறுகிச்சா?"

அவன் என் பக்கம் திரும்பினான். என்னை ஒரு முறை பார்த்தான். நான் கையில் இருந்த ஃபிளாஸ்க்கின் மூடியைத் திறந்து மூடினேன். சொல்லியிருக்கலாம். பயம். திட்டுவாய் என்கிற பயம் இல்லை. இத்தனை வருடம் ஒளித்தும் பூட்டியும் வைத்தவள், வேண்டுமென்றே கெடுத்திருப்பாள் என்று நீ நினைத்துவிட்டால்? அன்பாகச் செய்த ஒரே காரியத்தை நீ வன்மம் என்று எடுத்துக்கொண்டால்? அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. பாலா தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கிப் போனபிறகு எல்லார் காதிலும் விழும்படி ஒரு வாக்கியம் சொன்னேன். "இதுக்குத்தான் அந்தச் சகவாசம் வேணாம்னு அப்பவே சொன்னேன்." உன் விரலில் தையல் போட்டார்கள், பிரித்தார்கள். அந்த வாக்கியத்தை மட்டும் என்னால் பிரித்து எடுக்க முடியவில்லை.

மறுநாள் பாலா நம் வீட்டு வாசலுக்கு வந்து ரீலைக் கொடுத்துவிட்டுப் போனான். பார்க்காமலேயே உன் மீன்பிடிச் சாமானோடு பரணில் போட்டேன். நீ ஊருக்குப் போனாய். அவன் நம்பரை அழித்தாய். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்தபோதெல்லாம் கடற்கரைச் சாலைப் பக்கமே போகவில்லை. "ஏன்டா, ஒரு எட்டு ஆத்துப்பக்கம் போயிட்டு வாயேன்" என்று அப்பா சொன்னால், "அலுத்துப் போச்சுப்பா" என்பாய். உனக்கு மீன் அலுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். போன மாதம், பட்டியல் வந்த அன்று, ஃபோனில் நீ சிரித்துக்கொண்டே, "மூணு முடிச்சும் ஒழுங்கா விழுமான்னு தெரியலம்மா, இந்த விரலு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்றாய். நீ சிரித்தாய். நான் ஃபோனை வைத்துவிட்டு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு, "ரெண்டரை வருஷமா இத வயித்துல வச்சிக்கிட்டா சோறு தின்ன?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் பரணிலிருந்து ரீலை இறக்கினேன். அந்தத் திருகைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே சுத்தமாக இருந்தது. என் எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. கம்பளி வட்டுகள் இரண்டும் புதியவை. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு துணிப்பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்துக் கிளிஞ்சல்மேட்டுக்குப் போனேன்.

சுனாமிக்குப் பிறகு கட்டிய குடியிருப்பில் மூன்றாவது வரிசை வீடு. பாலா வாசலில் படகு இன்ஜினைப் பிரித்துப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து லுங்கியை இறக்கிவிட்டான். அவன் அம்மா உள்ளேயிருந்து, "வாங்கம்மா, வாங்க, வாசல்லயே நிக்குறீங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போய் நாற்காலியில் உட்கார வைத்தார். என் வாசலில் அவர் மகன் எத்தனை முறை நின்றிருக்கிறான் என்று எண்ணிப் பார்த்தேன். பையிலிருந்து ரீலை எடுத்தேன். நான் வாயைத் திறக்கும் முன்பே பாலா சொன்னான்.

"எனக்குத் தெரியுங்கம்மா."

"என்ன தெரியும்?"

"நீங்க எண்ணெய் போட்டது. அன்னைக்கே மணல்ல கிடந்தத எடுத்துப் பிரிச்சுப் பாத்தேன். பச்சையா கட்டி கட்டியா இருந்துச்சு, கறிவேப்பிலை வாசம். உங்க வீட்டு வாசல்ல நிக்கும்போதெல்லாம் வர்ற வாசம்தாங்க அது. வட்ட மாத்தி, கிரீஸ் தடவித்தான் கொண்டாந்து குடுத்தேன்."

"பின்ன ஏன் அவன்கிட்ட சொல்லல?"

"சொன்னா நம்பியிருக்க மாட்டான். நம்பியிருந்தா உங்ககிட்ட சண்ட போட்டிருப்பான். மொத மொத வேலைக்குப் போறவன் அம்மாகிட்ட கோச்சுக்கிட்டா ஊருக்குப் போறது? எங்கிட்ட கோச்சுக்கிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ரெண்டு மாசத்துல சரியாயிடும்னு நெனச்சேன்" என்றான்.

ரீலை மடியில் வைத்துக்கொண்டேன். அவன் அம்மா குறுக்கிட்டார். "ஏம்மா, தலைக்குத் தேய்க்கிற எண்ணெயையா ஊத்துனீங்க? நல்லவேளை, சீயக்காய் போடாம விட்டீங்க." நான் சிரித்தேன், அழுதேன், இரண்டும் சேர்ந்து வந்தது. அவர் டீ போட எழுந்து போனார். எண்ணெய்க்கும் கிரீஸுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பட்டப்படிப்பில் படித்தவள் நான். உறைநிலை என்று பாடமே உண்டு. அந்தப் பாடத்தை பாலா இன்ஜின் கிரீஸ் படிந்த கையோடு எனக்கு மறுபடி நடத்தினான். தேங்காய் எண்ணெய் கையில் இளகும், பனியில் உறையும். அந்த வட்டுகளுக்கு அதற்கென்றே உள்ள கிரீஸ் தவிர எதுவும் ஆகாது. எழுதி வைத்துக்கொள், உனக்கும் தேவைப்படும்.

ஏனென்றால், யாருக்காவது கொடுத்துவிடு என்றாய் அல்லவா, கொடுத்துவிட்டேன். அந்த ரீலை பாலாவிடமே கொடுத்தேன். அவன் மறுக்கவில்லை. "கெட்டுப்போச்சுன்னு பேர் வாங்குன ரீலு, இத வச்சே ஒரு கொடுவா புடிச்சுக் காட்டுறேன்" என்றான். பிறகு நான் வந்த இரண்டாவது காரியத்தைச் சொன்னேன். என் மகனுக்குக் கல்யாணப் பரிசாக ஒரு முழு செட் வாங்க வேண்டும், ராடு, ரீல், நரம்பு, தூண்டில் முனையில் கட்டுகிற பொய் மீன் எல்லாம்; பாலாதான் வந்து தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும் என்றேன். "அவன் வருவானாம்மா?" என்று கேட்டான். "வர வைக்கிறேன்" என்றேன். அந்தக் குரலில் பேசி எனக்கே வெகுநாள் ஆகிவிட்டது.

ஆகவே உன் பரிசு எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று கேட்டுக்கொள். கடைக்குள் நுழைந்ததும் சுவர் முழுக்கக் கலர் கலராக ராடுகள். பெட்டிகளில் ஏதோ வெளிநாட்டு ஏரியின் பாஸ் மீன் வாயைத் திறந்துகொண்டிருந்தது. "இந்தப் பாஸ் நம்ம ஊருல கிடையாதுங்கம்மா, நம்ம பாஸ் கொடுவாதான். படத்தப் பாத்து வாங்குனா படத்துலதான் மீன் புடிக்கணும்" என்றான் பாலா. கடைக்காரர் ஒன்பதடி ராடு ஒன்றை நீட்டினார், தூரமாக வீசலாமாம். பாலா வேண்டாம் என்றான். முகத்துவாரத்தில் கொடுவா தூரத்தில் இல்லை, பாறை ஓரத்தில் காலடியில் நிற்கும். தூரம் தேவையில்லை, பாறைக்குள் நுழைகிற மீனைத் திருப்புகிற பலம்தான் தேவை. ஏழடி, நுனி மட்டும் வளைந்து அடிப்பாகம் விறைப்பாக நிற்பது. வெறுமனே பிடித்துப் பார்த்தால் எல்லா ராடும் நன்றாகத்தான் இருக்கும், ரீலை மாட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டும். பிடிக்கிற இடத்தில் பாரம் சமமாக நிற்க வேண்டும் என்றான். பிறகு என் கைப்பையில் பஞ்சு இருக்கிறதா என்று கேட்டான். நரம்பு ஓடுகிற வளையம் ஒவ்வொன்றின் உள்ளேயும் பஞ்சை விட்டுச் சுற்றினேன். முதல் ராடில் நாலாவது வளையத்தில் பஞ்சு ஒட்டியது. கண்ணுக்குத் தெரியாத கீறல். அது நாளைக்கு நரம்பை அறுக்கும். மூன்றாவது ராடுதான் தேறியது. "இது நகைக்கடையாம்மா?" என்று கடைக்காரர் அலுத்துக்கொண்டார். நகைக்கடையில்கூட நான் இவ்வளவு பார்த்ததில்லை.

ரீலுக்கு வந்தபோது கடைக்காரர், இதில் எத்தனை பேரிங் தெரியுமா என்று ஆரம்பித்தார். பாலா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நரம்பின் முனையை அவர் கையிலேயே கொடுத்து, வாசல்வரை இழுத்துக்கொண்டு நடக்கச் சொன்னான். அவர் கொடுவாவாக நடந்தார், நான் ராடைப் பிடித்திருந்தேன். முதல் ரீல் விக்கி விக்கி விட்டது. இரண்டாவது, தொடக்கத்தில் பிடித்துக்கொண்டு பிறகு சடாரென்று விட்டது. அந்தச் சடாரில் என் கை ராடைக் கீழே வைத்துவிட்டது. மூன்றாவது, அவர் மெல்ல நடந்தாலும் வேகமாக நடந்தாலும் ஒரே சீராகக் கொடுத்தது. அதைத்தான் எடுத்தோம். விட வேண்டிய நேரத்தில் விடாத ரீல் எவ்வளவு விலையானாலும் வீண். இதை உன் குடும்ப வாழ்க்கைக்கு உவமையாக எடுத்துக்கொள்ளாதே, நான் ரீலைப் பற்றித்தான் சொல்கிறேன்.

ஆனால் கைப்பிடி விஷயத்தைக் கேள். அந்த ரீலுக்கு இரண்டு வகைக் கைப்பிடி உண்டு. ஒன்று விரல் நுனியால் பிடிக்கிற தட்டைக் கைப்பிடி, எல்லாரும் வாங்குவது. இன்னொன்று உருண்டை, எலுமிச்சம்பழம் அளவு. நான் தட்டையை எடுக்கப் போனேன். பாலா தடுத்து, "அவனுக்கு மோதிர விரல் இப்ப எவ்வளவு மடங்குது?" என்று கேட்டான். என் விரலை மடக்கிக் காட்டினேன், இவ்வளவுதான் என்று. அவன் தன் இடது கை மோதிர விரலை நீட்டியபடியே வைத்துக்கொண்டு, மற்ற விரல்களால் இரண்டு கைப்பிடியையும் மாற்றி மாற்றிச் சுற்றிப் பார்த்தான். கடையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள், அவன் கவலைப்படவில்லை. "உருண்டைங்கம்மா. இத உள்ளங்கையில வச்சே சுத்தலாம், விரலு வேணாம்" என்றான். உன் பட்டியலில் இல்லாதவன் தம்பி, அப்படி நின்று சுற்றிப் பார்த்தவன்.

நரம்பு முப்பது பவுண்டு எடை தாங்குகிற பின்னல் நரம்பு, உன் விரலை அறுத்த அதே வகை. வேறு வாங்கலாமே என்றேன். "அறுத்தது நரம்பு இல்லீங்கம்மா" என்றான், அவ்வளவுதான். பின்னல் நரம்பு மெலிதாக இருந்தும் பலம். மீன் தொட்டால் உடனே கைக்குத் தெரியும். அதன் முனையில் ஒரு பாகம், அதாவது ஆறடி நீளத்துக்குக் கனமான தங்கூசி நைலான் நரம்பு சேர்க்க வேண்டும், ஏனென்றால் கொடுவாவின் செவுள் மூடி பிளேடு மாதிரி. பாலா நரம்போடு நிறுத்திக்கொண்டான். நான் ஒரு ஜோடி கையுறை சேர்த்தேன். இது என் கட்டளை. கையுறை இல்லாமல் நரம்பைத் தொடக் கூடாது.

பொய் மீன்களை மட்டும் நானே தேர்ந்தெடுத்தேன். கடையில் நூறு விதம் தொங்கியது, எல்லாம் மனிதனைப் பிடிக்கச் செய்தவை. எனக்கு எதுவும் தெரியாதுதான், ஆனால் ஆய்வகத்தில் வேலை செய்கிறவளுக்குச் சாட்சி பார்க்கத் தெரியும். பரணில் இருந்த உன் பழைய பெட்டியைத் திறந்து நாற்பத்தோரு பொய் மீன்களையும் செய்தித்தாளில் பரப்பினேன். முப்பத்தெட்டு வாங்கின நாள் மாதிரியே மின்னின. மூன்றில் மட்டும் வண்ணம் உரசி மங்கியிருந்தது, முள் வளைந்திருந்தது. ஒரு வெள்ளி நிறக் கட்டை மீன், ஒரு பொன்னிறம், வால் ஆடுகிற கறுப்பு ரப்பர் மீன் ஒன்று. பாலாவிடம் காட்டினேன். சிரித்தான். "அவன் புடிச்ச மீனெல்லாம் இந்த மூணுலதாங்கம்மா. தெளிஞ்ச தண்ணிக்கு வெள்ளி, கலங்குனா பொன்னு, பொழுது சாயுறப்ப கறுப்பு." அந்த மூன்றிலும் இரண்டிரண்டு வாங்கியிருக்கிறேன். மற்றவற்றை நீ ஆசைப்பட்டால் வாங்கிக்கொள்; வீட்டுக்கு வரப்போகிறவளிடம் காரணம் சொல்லிவிட்டு வாங்கு.

வாங்கியதைச் சோதிக்காமல் கொடுக்க எனக்கு மனமில்லை. ஒருமுறை சோதிக்காமல் கொடுத்தது போதும். போன ஞாயிறு விடியலில், கடல் ஏறுகிற ஏற்றத் தண்ணீரில், பாலாவோடு முகத்துவாரத்துக்குப் போனேன். "இப்ப நீயும் கெளம்பிட்டியா?" என்றார் அப்பா, ஆனால் கூடவே வந்து பாறை மேல் உட்கார்ந்துகொண்டார். நான் முதலில் வீசியது பின்னால் நாணலில் போய் மாட்டியது. "அம்மா, மீனு இந்தப் பக்கம்" என்றான் பாலா. பத்துப் பதினைந்து முறைக்குப் பிறகு ஒழுங்காகத் தண்ணீரில் விழுந்தது. தெரிந்தவர்கள் நடைப்பயிற்சிக்கு வந்தார்கள், பார்த்தார்கள், நானும் அவர்களைப் பார்த்து வணக்கம் சொன்னேன். பிறகு ஒரு அடி. கையை யாரோ பிடித்து இழுத்த மாதிரி. ரீல் கிர்ரென்று கத்திக்கொண்டு நரம்பை விட்டது, ஒரே சீராக, விக்காமல். "விடுங்க, விடுங்க, அது போகட்டும்" என்றான் பாலா. மீன் நரம்பை வாங்கிக்கொண்டு போனது, நின்றது, மறுபடி போனது, ஒரு முறை நீருக்கு மேல் எழும்பித் தலையை உதறிவிட்டுப் போயே போய்விட்டது. எனக்கு வருத்தமே இல்லை. அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் வந்திருந்தேன். அன்று உன் ரீலிலிருந்து வந்திருக்க வேண்டிய சத்தம் அது.

திரும்பும்போது, பத்திரிகை வைத்தால் கல்யாணத்துக்கு வருவாயா என்று பாலாவைக் கேட்டேன். அவன் உன் பழைய ரீலைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னான். "நீங்க வச்சா வாங்கிக்குவேங்கம்மா, ஆனா வரமாட்டேன். அவன் வந்து வச்சா வருவேன்." அவன் கேட்டது நியாயம். இதில் நான் செய்ய முடிந்ததைச் செய்துவிட்டேன். உன் சித்தப்பாவிடமும் பக்கத்து வீட்டிலும் போய், அன்று நடந்தது என்ன என்று சொல்லிவிட்டேன். "இப்ப எதுக்கு அண்ணி இதெல்லாம்?" என்றார் சித்தப்பா. இப்போது இல்லாவிட்டால் பிறகு இல்லை. நீ புதுக் குடித்தனம் ஆரம்பிக்கும்போது உன்னிடம் ஒரு பொய் மிச்சம் வைத்துவிட்டு மணமேடையில் நின்று அட்சதை போட என்னால் முடியாது. என் மேல் கோபப்படு, எவ்வளவு நாள் வேண்டுமானாலும். நான் தாங்குவேன். ஆனால் அந்தக் கோபம் இனி சரியான ஆளிடம் இருக்கட்டும். உங்கள் வீட்டில் ஏதாவது கெட்டுப்போனால், யார் செய்தது என்று தேடுவதற்கு முன் "நான்தான்" என்று சொல்லப் பழகுங்கள், நீங்கள் இருவரும். அது சின்ன வார்த்தை. எனக்கு இரண்டரை வருடம் ஆயிற்று.

வருகிற சனிக்கிழமை வந்துவிடு. ராடும் ரீலும் உன் அறைக் கதவுக்குப் பின்னால் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கிளிஞ்சல்மேட்டுக்குப் போய்வந்த பிறகுதான் அதை எடுக்கலாம். அவனுடைய பத்திரிகையைத் தனியாக வைத்திருக்கிறேன். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிவிட்டேன், பெயர் எழுதவில்லை. அதை நீ எழுத வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கும் பழமும் பூவும் நான் வைக்கிறேன். தட்டை இரண்டு கையாலும்தான் நீட்ட வேண்டும், அதுதான் முறை. மடங்காத விரலோடு நீட்டு, மறைக்காதே. நீ என்ன பேசுவது என்று கவலைப்படாதே. அன்று ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் நின்றேன் அல்லவா, அதே போல நிற்பேன். இந்த முறை முதலில் பேசுவது நான்.

அம்மா